ஹந்தானை அடிவாரத்தில் குடியிருக்கலாமா? வன்னியிலிருந்து போகும் ஒரு குடும்பத்தின் கேள்வி

கேள்வி: கிளிநொச்சி, மலையாளபுரம்

வணக்கம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எனக்குக் கண்டிக்கு இடமாற்றம் உறுதியாகியிருக்கிறது. சில ஆண்டுகளாவது அங்கே பணியாற்ற வேண்டியிருக்கும் என்பதால் குடும்பத்தோடு போவதென்று முடிவு செய்திருக்கிறோம். கணவர், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த என் மாமி ஆகியோர் என்னோடு வருகிறார்கள். நகரத்தின் நடுவே, வாகன இரைச்சலுக்கும் நெரிசலுக்கும் இடையில் குடியிருப்பதை எங்களில் எவரும் விரும்பவில்லை. ஹந்தானை மலையின் அடிவாரத்தில் அமைதியான குடியிருப்புகள் உண்டென்றும், தேயிலை நூதனசாலைக்கும் மலையேறும் பாதைகளுக்கும் அங்கிருந்து நடந்தே போகலாமென்றும் அலுவலக நண்பர்கள் கூறினார்கள்.

இந்த விருப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாமி கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது பெற்றோருடனும் சகோதரங்களுடனும் மலையை விட்டிறங்கி வந்து, எங்கள் ஊரில் காடு வெட்டிக் குடியேறியவர். அதன் பின்னர் உறவினர் வீட்டுச் சடங்குகளுக்காகப் போய் வந்தாரே தவிர, அங்கே தங்கியதில்லை. நாங்கள் கண்டிக்குப் போவதைப் பற்றிப் பேசியபோது அவர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. வீடு மலையின் எந்தப் பக்கம் அமையும் என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூட்டுவலி உள்ள ஒரு முதியவருக்கு அந்த ஈரமும் ஏற்ற இறக்கமும் ஒத்துவருமா என்பது என் முதற் கவலை. அடுத்தது பிள்ளைகளைப் பற்றியது. எங்கள் பிள்ளைகள் மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாதையை விட்டு விலகாதே, நிலத்தில் கிடப்பதைத் தொடாதே என்பதே காட்டைப் பற்றி நாங்கள் அவர்களுக்குக் கற்பித்த முதற் பாடம். மனமகிழ்ச்சிக்காகக் காட்டுக்குள் நடக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை மலைப்பாதைகளுக்கு எவ்வாறு பழக்குவது? கடைசியாக, இங்குள்ள காணியில் ஒரு பகுதியை விற்று அங்கே பதினைந்து பேர்ச் அளவில் நிலம் வாங்கி வீடு கட்டிவிடலாம் என்று கணவர் எண்ணுகிறார். அங்கே வாழ்ந்த அனுபவமுள்ளவர்கள் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.


பதில் 1: வவுனியா, குருமன்காடு

சகோதரி, பேராதனையில் படித்த காலத்திலும் அதன் பின் கண்டியில் வேலை செய்த காலத்திலும் ஹந்தானையின் இரு பக்கங்களிலும் குடியிருந்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். உங்கள் மாமி கேட்ட கேள்விதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஹந்தானை அடிவாரம் என்று ஒரே பெயரால் குறிப்பிட்டாலும், கண்டி நகரத்தைப் பார்த்த பக்கமும் பேராதனையைப் பார்த்த பக்கமும் வாழ்க்கைக்கு வெவ்வேறு இடங்கள்.

நகரப் பக்கத்தில், கண்டி வைத்தியசாலைக்கு அருகிலிருந்து ஹந்தானை வீதி மேலே ஏறுகிறது. அதன் கீழ்ப்பகுதியில் விடுதிகளும் மருந்துக் கடைகளும் வாகனங்களும் நிறைந்திருப்பதால் அமைதி என்று சொல்ல முடியாது. மேலே போகப் போக இரைச்சல் குறைந்து, வீடமைப்புத் திட்டங்களைக் கடந்ததும் தேயிலைச் செடிகளும் பைன் மரங்களும் தென்படும். தேயிலை நூதனசாலை அந்த வீதியில்தான், நகரத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நடந்து போகலாம் என்று உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் போகும் வழி முழுவதும் ஏற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தினூடாகக் கலஹாவுக்குப் போகும் வீதியை ஒட்டி ஹிந்தகலை, மகாகந்த போன்ற ஊர்கள் உள்ளன. அங்கே வயலும் வீட்டுத் தோட்டமும் கலந்த பழைய கிராமங்களின் சாயல் இன்னும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் ஊர்களில் பெரிய வளவுகளில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பக்கமே மனத்துக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. உங்கள் மாமியிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: வீடு கலஹா வீதிப் பக்கம் அமையட்டும். கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்குப் போகும் பேருந்து அந்த வாசலால்தான் போகும்.

காலநிலையைப் பற்றி வன்னியில் நிலவும் ஓர் எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். மலைநாடு என்றதும் எல்லோரும் நுவரெலியாவை நினைத்துக் கம்பளி வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். நுவரெலியா 1,850 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. கண்டியோ ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கிளிநொச்சியை விடக் கண்டியில் மூன்று பாகை அளவுக்கே குறைவாக இருக்கும். இரவில் ஒரு போர்வை போதும். தொல்லை தருவது குளிர் அன்று, ஈரம். நமக்கு ஐப்பசி தொடங்கித் தை வரையில் ஒரே மாரி. மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து விடுகிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தரும், வடகீழ்ப் பருவக்காற்றும் மழை தரும், இரண்டுக்கும் இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். துணி காயாது, அலுமாரிக்குள் இருக்கும் புத்தகங்களிலும் தோற்பொருட்களிலும் பூஞ்சணம் படியும். மூட்டுவலிக்காரருக்கு வெயில் படும் அறை அவசியம். மலை நிழல் காரணமாகச் சில வீடுகளுக்குப் பாதி நாள் வெயிலே கிடைப்பதில்லை. வீடு பார்க்கும்போது காலை வெயில் எந்த அறைக்குள் வருகிறது என்று பார்த்து, அந்த அறையை மாமிக்கு ஒதுக்குங்கள்.

அதைவிட முக்கியமானது படிகள். சரிவில் கட்டப்பட்ட வீடுகளுக்கு வீதியிலிருந்து படியிறங்கியோ படியேறியோதான் போக வேண்டியிருக்கும். விளம்பரங்களில் இயற்கைக் காட்சியைப் பற்றி எழுதுவார்கள். படிகளைப் பற்றி எழுத மாட்டார்கள். ஒரு முதியவர் வீதிக்கு வருவதற்கே ஐம்பது படிகள் ஏற வேண்டுமென்றால், அவர் நாளடைவில் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிடுவார். வீதி மட்டத்தில் உள்ள வீட்டைத் தவிர வேறெதையும் ஏற்க வேண்டாம். வாடகை கூடுதலாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.


பதில் 2: ஒட்டுசுட்டான்

வணக்கம் அக்கா. நான் கண்டி மாவட்டத்தில் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். விடுமுறைக்கு மட்டுமே ஊருக்கு வருகிறேன். நிலம் வாங்கும் எண்ணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைத்தான் மற்றவர்கள் இலேசாகக் கடந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். நம்மவர்கள் பேசும் பரப்புக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. ஆகவே அண்ணன் வாங்க நினைப்பது ஒன்றரைப் பரப்பு நிலம். வன்னியில் ஒன்றரைப் பரப்பு என்றால் ஒன்றரைப் பரப்பும் சமதரை. அங்கே அதே அளவு நிலத்தில் வீடு கட்டுவதற்கு மலையை வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும். வெட்டிய இடத்துக்குப் பின்னால் செங்குத்தான மண் சுவரும், வெட்டிய மண்ணைக் கொட்டிய இடத்தில் இறுகாத நிரப்பு மண்ணும் உருவாகின்றன. மழைநீர் மேற்சரிவிலிருந்து இறங்கி மண்ணின் துளைகளை நிரப்பும்போது மண்துணிக்கைகளுக்கு இடையிலான பிடிமானம் தளர்கிறது; அத்தோடு நீரின் பாரமும் சேர்கிறது. அடியில் பிடித்து நிற்கும் பகுதியை வீட்டுக்காக வெட்டி எடுத்திருந்தால், மேலே உள்ள மண் இறங்குவதற்குத் தடையில்லை. மலசலகூடக் குழியின் நீரும் கூரை நீரும் அதே சரிவுக்குள் ஊறவிடப்படுமானால் அபாயம் மேலும் கூடும். மண்சரிவுகள் பலவற்றின் பின்னணி இதுதான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் ஒரு தோட்டக் குடியிருப்பே மண்ணுக்குள் போனது. 2016 மே மாதத்தில் அரநாயக்காவிலும் அவ்வாறே நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில், வன்னிக் குளங்கள் வான்பாய்ந்து வீதிகள் முறிந்த அதே நாட்களில், கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. நாம் வெள்ளத்தை அறிந்தவர்கள். குளத்தின் நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்து, கதவு திறக்கப்படும் செய்தியைக் கேட்டு, சாமான்களை உயரத்தில் ஏற்றிவிட்டு வெளியேறும் பழக்கம் நமக்குண்டு. மண்சரிவு அவ்வளவு நேரம் தராது. ஆகவே அதன் அறிகுறிகளைப் பிள்ளைகள் முதல் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புகள் தோன்றுவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது, திடீரென்று புதிய ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று வற்றுவது அல்லது கலங்கலாக வருவது, கதவும் யன்னலும் காரணமின்றி இறுகுவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது.

மழையளவையும் கணக்கில் கொள்ளலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அறிவுறுத்தி வரும் அளவுகோல். அந்த நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றால், காணி உறுதியைப் பார்ப்பதற்கு முன்னரே நிலத்தைப் பாருங்கள். கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட உள்ளூராட்சி சபை அனுமதி தருவதற்கு அந்த நிறுவனத்தின் பரிந்துரை தேவை. முற்பணம் கொடுத்த பின்னர் அதற்கு விண்ணப்பிப்பதே வழக்கமாகிவிட்டது. அந்த வரிசையை மாற்றுங்கள். அத்தோடு ஹந்தானை மலைத்தொடர் 2010ஆம் ஆண்டில் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வரும் காணியில் நினைத்தபடி கட்ட முடியாது. மலிவாகக் கிடைக்கும் உயரமான துண்டு ஒன்றைக் காட்டினால், அது அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபையில் விசாரித்துவிட்டு மறுவார்த்தை பேசுங்கள்.

என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். கிளிநொச்சிக் காணியை விற்க வேண்டாம். காடு வெட்டி உண்டாக்கிய காணி அது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோதும் உங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்தது அதுவாகத்தான் இருக்கும்.


பதில் 3: மாங்குளம்

சகோதரிக்கு வணக்கம். ஆசிரியராக இருப்பதால் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கேள்வி என்னைத் தொட்டது. எங்கள் பகுதியில் இன்றும் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். பாதையை விட்டு விலகாதே என்ற பாடத்தை நீங்கள் பிள்ளைகளின் மனத்திலிருந்து அழிக்க வேண்டியதில்லை. மலையேறுபவர்கள் காலம் கடந்து கற்றுக்கொள்ளும் ஒழுக்கத்தை அவர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். ஆனால் அதன் காரணம் அங்கே வேறு என்பதை விளக்க வேண்டும். அங்கே நிலம் வெடிக்காது. மூடுபனி இறங்கினால் வழி மறைந்துவிடும். ஹந்தானையில் ஏழு சிகரங்கள் உண்டு. உயர்ந்தது ஏறக்குறைய 3,800 அடி. தூரத்திலிருந்து பார்க்கும்போது எளிதாகத் தோன்றும். மேலே மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து ஒற்றையடிப் பாதைகளை மூடிக்கொள்ளும். மூடுபனியில் வழிதவறியவர்களைப் பொலிசாரும் இராணுவத்தினரும் தேடிப் போய் அழைத்துவந்த செய்திகள் பல முறை வந்திருக்கின்றன.

எனவே படிப்படியாகப் பழக்குங்கள். முதல் மாதங்களில் உடவத்தகெலே காட்டுக்குப் போகலாம். தலதா மாளிகைக்குப் பின்புறத்தில், நகரத்தை ஒட்டியே, 100 ஹெக்டயருக்குச் சற்று அதிகமான காடு அது. பாதைகள் அகலமானவை, வழி தவறுவதற்கு இடம் குறைவு. நம் காடுகளில் பாலையும் வீரையும் முதிரையும் இடைவெளி விட்டு நிற்பதால் வெயில் நிலத்தைத் தொடும். அங்கே கொடிகளும் பெருமரங்களும் பின்னிக்கொண்டு நிற்க, நண்பகலிலும் அரையிருளாக இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டு கேட்பார்கள். அவர்கள் கேட்கும் வரை நீங்கள் சொல்லாதிருப்பது நல்லது. மாமியையும் அழைத்துப் போக வேண்டுமானால் பேராதனைப் பூங்கா இருக்கிறது. 1821இல் தொடங்கப்பட்ட அந்தத் தாவரவியல் பூங்கா மகாவலி வளைந்து ஓடும் இடத்தில் 147 ஏக்கரில் பரந்திருக்கிறது. பெரும்பாலும் சமதரை, இருப்பதற்கு வாங்குகள் உண்டு.

ஹந்தானைக்கு ஏறும் நாளை மாசி, பங்குனி மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். சித்திரையில் பிற்பகல் இடிமின்னலின்போது வெட்டவெளியான முகட்டில் நிற்பது ஆபத்து. உலர்ந்த மாதங்களான மாசியிலும் பங்குனியிலும் மானாப்புல் தீப்பற்றும் என்பதால் புகை தெரிந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். மழை மாதங்களில் அட்டைக்கடி நிச்சயம். காலுறையின் மேல் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டால் ஓரளவு தடுக்கலாம். கடித்த அட்டையை இழுத்துப் பிடுங்காமல் உப்போ தேசிக்காய்ச் சாறோ விட்டால் தானே விழுந்துவிடும். அட்டையைவிட அஞ்ச வேண்டியது குளவி. மரத்திலும் பாறையிலும் கூடு தெரிந்தால் ஓசையின்றி விலகி வர வேண்டும்.

இப்போது நூதனசாலைகளைப் பற்றி. தேயிலை நூதனசாலை 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையில் இயங்குகிறது. நீண்ட காலம் கைவிடப்பட்டிருந்த அந்தக் கட்டடத்தைத் திருத்தி 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கொழுந்தை வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் பயன்பட்ட பழைய இயந்திரங்களை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உள்ளன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் உங்கள் மாமியை அழைத்துச் செல்வீர்களானால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: அங்கே இயந்திரத்தின் கதையும் துரையின் கதையும் விரிவாக இருக்கின்றன, கொழுந்து கிள்ளிய கைகளின் கதைக்கு அவ்வளவு இடமில்லை. அந்தக் கதைக்கென்று வேறொரு நூதனசாலை இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகத்தினரால் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான பழைய லயக் காம்பிராக்களிலேயே தொழிலாளரின் சமையல் பாத்திரங்களையும் கருவிகளையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள். மாமி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பார்க்கட்டும். அதன் பின்னர் ஹந்தானைக்குப் போனால் அந்த இயந்திரங்களை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, நமது வன்னிக் காடுகளினூடாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி போனது. அதே ஆண்டுகளில் மலையகத்தில் பீக்கோ நடைபாதை என்று 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான நடைபயணப் பாதையொன்று 22 பகுதிகளாக அமைக்கப்பட்டது. பழைய தோட்டப் பாதைகளை இணைத்துச் செய்த அந்தப் பாதையின் முதற் பகுதி ஹந்தானையில் தொடங்கிக் கலஹாவில் முடிகிறது. உங்கள் பிள்ளைகள் பழகிய பின்னர் முதலில் நடக்க வேண்டிய நெடும்பாதை அதுவாக இருக்கட்டும். அவர்கள் நடந்து வந்து சேரும்போது மாமி பேருந்தில் போய்க் கலஹாவில் காத்திருக்கலாம்.


பதில் 4: செட்டிகுளம்

மேலே எழுதியவர்களின் அறிவுரைகளை மதிக்கிறேன். எனினும் அமைதியான இடம் என்பதை எல்லோரும் நன்மை என்றே எடுத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பகலில் நீங்களும் கணவரும் வேலைக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட்டால் மாமி தனியே இருப்பார். மலையாளபுரத்தில் வேலிக்கு மேலால் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். மதில் கட்டிய ஓர் அமைதியான ஒழுங்கையில், மொழி பழகாத அயலவர்களுக்கு நடுவில், அந்த அமைதி ஒரு முதியவருக்குப் பெருஞ்சுமையாகலாம். மலையகத்தில் வளர்ந்தவர் என்பதால் அவருக்குச் சிங்களம் ஓரளவு தெரிந்திருக்கக்கூடும். அதை விசாரித்துப் பாருங்கள். தெரிந்திருந்தால் உங்கள் எல்லோரையும்விட அவரே அயலோடு விரைவில் பழகிவிடுவார்.

கோயிலும் அவசியம். நகரத்தில் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில் இருக்கிறது. பேராதனைப் பக்கம் தங்கினால் பல்கலைக்கழக வளாகத்தில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. வன்னியிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளை அங்கே காணலாம். மேட்டில் அமைந்த கோயில் என்பதால் மாமியை முச்சக்கர வண்டியில்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ்மொழி மூலப் பாடசாலையில் இடம் கிடைப்பதை உறுதிசெய்யும் முன்னர் வீட்டை முடிவு செய்யாதீர்கள். மலைப்பாதையில் காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அன்றாட வேலை. நூதனசாலைக்குப் போவது எப்போதாவதுதான். வவுனியாவிலும் தொல்பொருள் நூதனசாலை ஒன்று இருக்கிறது. அதன் வாசலால் தினமும் போய் வருகிற எத்தனை பேர் உள்ளே நுழைந்திருக்கிறோம்?


கேள்வி கேட்டவர்: கிளிநொச்சி, மலையாளபுரம்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. இவற்றைக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். காணியை விற்கும் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுவதென்று கணவர் ஒப்புக்கொண்டார். செட்டிகுளத்து ஐயா சொன்னபடி மாமியிடம் கேட்டபோது, சிறு வயதில் பேசிய சிங்களம் மறக்கவில்லை என்று சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கலஹா வீதிப் பக்கம் வீதி மட்டத்தில் வாடகை வீடு தேடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். தை மாதத்தில் பணியேற்க வேண்டும் என்பதால் எந்த மாதத்தில் வீடு பார்க்கப் போவது பொருத்தம்? விடுமுறையைப் பார்த்து மார்கழியில் போகலாமா, அல்லது முன்னரே போக வேண்டுமா?


பதில்: ஒட்டுசுட்டான்

அக்கா, கார்த்திகையில் போங்கள். அதுவும் முதல் நாள் இரவு நன்றாக மழை பெய்திருக்கும் காலையில் வீடு பாருங்கள். ஆனால் அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் மலைப்பக்கம் போகவே வேண்டாம். மழை நாளில் சுவரில் எங்கே ஈரம் ஊறுகிறது, வீட்டின் பின்புறத்தில் வெட்டிய மண் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அணைசுவர் கட்டியிருந்தால் அதன் துவாரங்களால் நீர் வடிகிறதா, முற்றத்து நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பன எல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். அணைசுவரின் துவாரங்கள் அடைபட்டிருந்தாலோ சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தாலோ அந்த வீடு வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் கிராம அலுவலரிடமும், 2025 கார்த்திகை மழையில் அந்த ஒழுங்கையில் எவரேனும் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததா என்று கேளுங்கள். மாமியையும் உடன் அழைத்துப் போங்கள். மலைச்சரிவில் வளர்ந்தவர், நாங்கள் கவனிக்காத சிலவற்றை அவர் கவனிப்பார். வாடகை உடன்படிக்கையை முதலில் ஓராண்டுக்கு மட்டும் எழுதுங்கள். பெருந்தொகை முற்பணம் கேட்டால், மண்சரிவு எச்சரிக்கை காரணமாக வெளியேற நேர்ந்தால் எஞ்சிய தொகை திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.